கபடி இரவுக்கு ஒரு பானைக் கூழ்

(மேல்பட்டாம்பாக்கத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

உழவியல் துறையிலிருந்து ஒருவன் பேச வந்தால் உரம், களை, பாசனம் என்றுதான் தொடங்குவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் அடுப்பங்கரையில் தொடங்கி, பிறகு வயலுக்கு வரப் போகிறேன். காரணம் இருக்கிறது. நாம் உண்ணாத தானியத்தை நாம் பயிரிட மாட்டோம். கேழ்வரகு நம் வயலை விட்டுப் போனதற்கு முன்பே நம் பானையை விட்டுப் போய்விட்டது.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரம் என்றால் கரும்பும் நெல்லும் மணிலாவும் முந்திரியும் பலாவும் நினைவுக்கு வரும். அதே அளவுக்கு நினைவுக்கு வர வேண்டியது கபடி. நம் பெரியவர்கள் இதைச் சடுகுடு என்பார்கள். பொங்கல் முடிந்த கையோடு, விளக்கு கட்டி, மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். பக்கத்துக்கு 7 பேர். 20 நிமிடம் ஒரு பாதி. மீண்டும் 20 நிமிடம். ஒரே இரவில் ஓர் அணி நான்கைந்து ஆட்டம் கூட ஆட நேரிடும். தை மாதப் பனியில் அந்தப் பிள்ளைகளுக்கும், கண் விழித்துப் பார்க்க வந்தவர்களுக்கும் வயிற்றுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குளிர் மிகுந்த மேலை நாடுகளில் நண்பர்கள் இரவில் கூடி விளையாடும் நாளில், பாலாடைக்கட்டியும், உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சியும் சேர்த்துக் கெட்டியான சூப் காய்ச்சுவார்கள். அதில் என்ன தத்துவம்? மாவுச்சத்து ஒன்று, பாலிலிருந்து வந்த பொருள் ஒன்று, உப்பிட்டுக் காத்த புலால் ஒன்று. ஒரு பாத்திரத்தில் காய்ச்சிப் பலருக்கும் ஊற்றலாம். நம் கூழைப் பாருங்கள். மாவுச்சத்துக்குக் கேழ்வரகு, பாலுக்கு மோர், உப்பிட்ட புலாலுக்குக் கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் கருவாடு. அதே தத்துவம்தான். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் ஊருக்கே ஊற்றத் தெரிந்த நமக்கு, தை மாதத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஊற்றுவது பெரிய காரியம் அல்ல.

என்னால் நேர்ந்த தவறு

கூழின் பெருமையைச் சொல்வதற்கு முன் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். அது என்னுடைய தவறு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், காணும் பொங்கலன்று இரவு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஊரில் கபடிப் போட்டி. சிறுதானியத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவன் நான் என்பதால், "இந்த வருடம் நம் கூழையே ஊற்றுவோம்" என்று நானே பொறுப்பேற்றேன். பெரிய பாத்திரம் வேண்டியிருந்தது. வாடகைக்குப் பித்தளை அண்டா ஒன்று கொண்டுவந்தார்கள். முதல் நாள் மாலையே அதில் மாவைக் கரைத்துப் புளிக்க விட்டோம். மறுநாள் அதிலேயே காய்ச்சி, மாலை 4 மணிக்கு மோரையும் ஊற்றிக் கலக்கி மூடி வைத்தோம்.

மாவு கரைக்கும்போது ஓர் ஆயா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, இதுக்கு ஈயம் பூசி எத்தினி நாளாச்சி?" என்று கேட்டார். "நல்லா புளி போட்டுத் தேய்ச்சிருக்காங்க ஆயா, ஒண்ணும் ஆகாது" என்றேன். முதுகலைப் பட்டம் பெற்றவன் சொன்ன பதில் அது. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும். ஆனால் அந்தப் பளபளப்புதான் ஆபத்து என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரவு 9 மணிக்குக் கூழை ஊற்றினோம். வாயில் ஒரு மாதிரி உலோகக் கசப்பு இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்குள் 9 பேர் வாந்தி எடுத்தார்கள். அவர்களில் 5 பேர் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்த அணியைச் சேர்ந்தவர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். விடிவதற்குள் அனைவரும் தேறிவிட்டார்கள். ஆனால் அந்த அணி ஆடாமலே தோற்றது. ஓர் ஆண்டு முழுதும் வயல் வேலை முடிந்து மாலையில் பயிற்சி செய்த பிள்ளைகள் அவர்கள். அவர்களில் ஒருவனுடைய தந்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

மறுநாள் ஊரில் என்ன பேச்சு? "கூழைக் குடிச்சதால வந்தது." அடுத்த ஆண்டு பரோட்டா வந்தது. அந்த ஊரில் கேழ்வரகு போடலாம் என்று விதை கேட்டிருந்த மூன்று குடும்பங்களும் பின்வாங்கிவிட்டன. ஆயாவை மட்டும் போய்ப் பார்த்தேன். "கூழு என்னா தம்பி பண்ணும்? பாத்திரம் பண்ண வேல அது" என்றார். அவர் சொன்னதே அறிவியல் உண்மை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளித்த மாவிலும் மோரிலும் உள்ள அமிலம் செம்பைக் கரைத்துவிடும். அந்தச் செம்பு வயிற்றில் சென்றால் குமட்டலும் வாந்தியும் உடனே வரும். இதைத் தடுக்கத்தான் நம் முன்னோர் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசினார்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளித்த பொருள் எதையும் வைக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்த பூச்சு உடலுக்கு நஞ்சு. இந்தச் சந்தேகங்களே வேண்டாம் என்றால் மண்பானையோ எவர்சில்வர் அண்டாவோ போதும். அலுமினியப் பாத்திரத்திலும் புளித்த கூழை நெடுநேரம் வைக்க வேண்டாம்.

கூழில் என்ன இருக்கிறது?

100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். மோதி விழுந்து எழும் ஆட்டக்காரனின் எலும்புக்கு இது வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கும் வேண்டும். கேழ்வரகில் புரதம் 7 சதம் அளவே. எனவே மோரும் கருவாடும் சேரும்போதுதான் கூழ் முழு உணவாகிறது. கருவாடு உண்ணாதவர்களுக்கு மொச்சையும் மணிலாக்கொட்டையும் அந்தக் குறையைத் தீர்க்கும்.

கம்பில் புரதமும் இரும்புச் சத்தும் அதிகம். ஆனால் கம்பில் கொழுப்பு 5 சதம் வரை இருப்பதால் அரைத்த மாவு சில நாட்களிலேயே காறல் அடிக்கும். ஆகவே கம்பங்கூழ் காய்ச்சுவதானால் தேவையான அளவை மட்டும் அரைத்து உடனே பயன்படுத்துங்கள். கேழ்வரகில் கொழுப்பு குறைவு. மாவு அதைவிட நன்றாகத் தாங்கும். தானியமாகவே வைத்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி அதிகம் அண்டாமல் இருக்கும்.

மாவைப் புளிக்க வைப்பது சுவைக்காக மட்டும் அன்று. தானியத்தில் இரும்பையும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. புளிக்கும்போதும் முளைகட்டும்போதும் அது குறைகிறது. உடல் அந்தச் சத்துகளை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடு. கென்யா, உகாண்டா நாடுகளிலும் இதைக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நம் ஆயாக்கள் அறிந்ததை உலகம் ஒப்புக்கொண்டது என்றே நான் எண்ணினேன்.

50 பேருக்குக் கூழ்

தேவையானவை: கேழ்வரகு மாவு 3 கிலோ, அரிசி நொய் முக்கால் கிலோ, மோர் 5 லிட்டர், சின்ன வெங்காயம் 1 கிலோ, கல் உப்பு தேவையான அளவு.

முதல் நாள் இரவில் மாவை 6 லிட்டர் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மண்பானையில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். தை மாதக் குளிரில் 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை புளிக்கலாம். வெயில் காலத்தில் 10 மணி நேரமே போதும். புதுப் பானையானால் இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய நீர் ஊற்றிப் பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து நொய்யைப் போடுங்கள். நொய் குழைந்ததும் தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒருவர் மெல்ல ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் விடாமல் கிளற வேண்டும். ஊற்றுகிறவர் அவசரப்பட்டாலும், கிளறுகிறவர் கை ஓய்ந்தாலும் கட்டி விழும், அடியும் பிடிக்கும். முக்கால் மணி நேரம் போல ஆகும். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழின் மேல் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது. மாவின் பச்சை வாடை போய் நல்ல மணம் வரும். அதுதான் பதம்.

இந்தக் கெட்டிக் கூழைத் தணலின் மேலேயே சூடாக வைத்திருங்கள். மோரையும் உப்பையும் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். அன்று நான் செய்த இரண்டாவது தவறு அது. ஊற்றும் நேரத்தில், ஒரு குடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கை பொறுக்கும் சூடு வந்த பின் மோரையும் உப்பையும் நறுக்கிய வெங்காயத்தையும் சேருங்கள். கொதிக்கும் கூழில் மோரை ஊற்றினால் திரிந்துவிடும். தண்ணீரும் மோருமாகச் சேர்ந்து மொத்தம் 25 லிட்டர் வரும். ஆளுக்கு அரை லிட்டர். கரைத்த கூழை 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கருவாட்டுக் குழம்பு

நெத்திலிக் கருவாடு 1 கிலோ, கத்திரிக்காய் 3 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, புளி கால் கிலோவுக்குச் சற்று மேல், மணிலா எண்ணெய் 400 மில்லி, பூண்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள். கத்திரிக்காய்க்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

கருவாடு வாங்கும்போது கண்ணும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். நன்றாகக் காய்ந்த கருவாடு விரலால் அழுத்தினால் குழியாது. மேலே இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தால், நெடி அடித்தால், பிசுபிசுத்தால் வாங்காதீர்கள். தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் 10 நிமிடம் ஊற வைத்து, மண் போகும் வரை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பும் குறையும். குழம்புக்குத் தனியாக உப்பிடுவதைக் கடைசியில் ருசி பார்த்த பிறகு செய்யுங்கள். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் குழம்பைத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கத்திரிக்காய் வதக்கி, தூள் போட்டு, புளிக்கரைசல் ஊற்றிக் கொதிக்க விட்டு, காய் முக்கால் பதம் வெந்ததும் கருவாட்டைப் போட்டு 10 நிமிடத்தில் இறக்கிவிடலாம். புளி சேர்ந்த குழம்பு ஆகையால் பாத்திரத்தைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். கருவாடு உண்ணாதவர்களுக்கு வேறு சட்டியில், வேறு கரண்டியோடு மொச்சைக் குழம்பு வையுங்கள். பந்தியில் யாரும் தயங்கி நிற்கக் கூடாது. முருங்கைக்கீரையை மணிலாப்பொடி தூவிப் பொரித்தால் இருவருக்கும் பொது.

யார், எப்போது குடிப்பது?

ஆட்டக்காரர்கள் முதல் ஆட்டத்துக்கு 2 மணி முதல் 3 மணி நேரம் முன்பே கூழைக் குடித்துவிட வேண்டும். வயிறு நிறைந்த நிலையில் பாடிக்கொண்டு போனால் மூச்சு வாங்கும். ஆட்டங்களுக்கு இடையில் உப்பிட்ட நீர்மோர் மட்டும் போதும். இறுதி ஆட்டம் முடிந்ததும் குழம்போடு வயிறார ஊற்றுங்கள். பார்க்க வந்தவர்களுக்கு நேரக் கணக்கு இல்லை. ஆனால் பானையைத் திறக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் காய்ச்சியதாக இருக்க வேண்டும்.

10 சென்ட் போதும்

இனி வயலுக்கு வருவோம். கரும்பையோ நெல்லையோ விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 10 சென்ட் கேழ்வரகு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கரும்பு வெட்டி அடுத்த நடவுக்காகக் காத்திருக்கும் துண்டு நிலம் ஆகட்டும், கிணற்றடி மேட்டு நிலம் ஆகட்டும், போதும்.

பாசனத்துக்கு மார்கழிப் பட்டமும் சித்திரைப் பட்டமும் ஏற்றவை. மார்கழிப் பட்டத்து விளைச்சல் ஆடிக் கூழுக்கு ஆகும். சித்திரைப் பட்டத்துப் பயிர் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே வீடு வந்து, தை மாத ஆட்டத்துக்கு ஆகும். கோ 15, ஏ.டி.எல். 1 ஆகிய இரகங்கள் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்தவை.

10 சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். அரை சென்ட் அளவில் மேட்டுப்பாத்தி நாற்றங்கால் அமைத்து, விதையை அசோஸ்பைரில்லம் கலந்து விதையுங்கள். 18 முதல் 20 நாள் நாற்றைக் குத்துக்கு இரண்டாக நடுங்கள். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர். முற்றிய நாற்று தூர் கட்டாது. நாளைத் தவற விடாதீர்கள்.

அடியுரமாகத் தொழு உரம் 500 கிலோ. மண் பரிசோதனைப்படி உரமிடுவதே சிறந்தது. பரிசோதனை செய்யாதவர்கள் இந்த 10 சென்ட்டுக்கு யூரியா 5 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஏழரை கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்று கணக்கிடலாம். சூப்பரும் பொட்டாஷும் முழுவதும் அடியுரம். யூரியாவில் பாதியை அடியுரமாகவும் மீதியை இரண்டு முறை மேலுரமாகவும் இடுங்கள். கேழ்வரகுக்கு முதல் ஒரு மாதம் களைதான் எதிரி. அந்த மாதத்தில் இரண்டு முறை களை எடுத்துவிட்டால் பிறகு பயிரே களையை அமுக்கிவிடும். குலை நோய் தென்பட்டால் தாமதிக்காமல் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.

ஏக்கருக்கு 1,000 கிலோ என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும் 10 சென்ட்டில் 100 கிலோ கிடைக்கும். 5 பேர் உள்ள குடும்பம் வாரம் இரண்டு நாள் கூழ் குடிக்க, ஆளுக்கு 60 கிராம் வீதம் ஆண்டுக்குச் சுமார் 31 கிலோ ஆகும். விதைக்கும் இட்லி, அடை, களிக்கும் ஒதுக்கிய பின்னும் விற்க மிஞ்சும். கபடி இரவுக்கு வேண்டியது 3 கிலோ மட்டும். தாள் கால்நடைக்கு நல்ல தீவனம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

தம்பிகளே, கூழ் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று நீங்கள் கூச்சப்படுவதை நான் அறிவேன். பித்தளை அண்டா தந்த கெட்ட பெயர் அந்தக் கூச்சத்துக்கு இன்னும் வலுச் சேர்த்தது. அந்தப் பெயரைத் துடைக்க வேண்டிய கடமை என்னுடையது. அதனால்தான் அழைப்பு வந்ததும், வேறு தலைப்பு எதையும் யோசிக்காமல், இதைப் பேச ஒப்புக்கொண்டேன்.

சென்ற மாதம் அந்த ஊருக்கு மறுபடியும் போனேன். வாந்தி எடுத்த பிள்ளைகளில் இருவர் இன்றும் ஆடுகிறார்கள். வரும் காணும் பொங்கலுக்கு மண்பானையில் கூழ் காய்ச்ச அனுமதி கேட்டேன். சிறிது நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன், "சார், மொதல் சொம்பு நீங்க குடிக்கணும், ஆயா வந்து பானையப் பாக்கணும்" என்றான். இரண்டு நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டேன். பின்வாங்கிய மூன்று குடும்பங்களில் ஒரு குடும்பம் 10 சென்ட்டுக்கு விதை கேட்டிருக்கிறது. அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உங்கள் ஊரிலும் ஆட்டம் நடக்கும்போது ஒரு பானை வையுங்கள். மாவு கரைக்கும் முன் பாத்திரத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். வயதில் மூத்தவர் ஒருவர் கேள்வி கேட்டால், பதில் சொல்லும் முன் ஒரு கணம் நின்று யோசியுங்கள். இதுவே இன்று நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது.